பத்திரமே இல்லாத வீட்டை விற்க ஒரு வழி வேண்டும்: பதிவுத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கும், வருவாய் நிர்வாக ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் ஆவண எழுத்தராக இருக்கிறேன். கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை, அடமானம் என்று எழுதிப் பிழைக்கிறவன். பத்திரம் தொலைந்துபோனவர்களுக்கு ஏதோ ஒரு வழி இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கலாம், பத்திரிகையில் விளம்பரம் போடலாம், சார்பதிவகத்தில் நகல் எடுக்கலாம். அலைச்சல்தான், ஆனால் முடியும். நான் எழுத வந்தது, ஆரம்பத்திலிருந்தே பதிவான பத்திரம் என்று ஒன்று இல்லாத வீடுகளைப் பற்றி. மூன்று தலைமுறையாகக் குடியிருந்து, வரி கட்டி, கூரையைப் பிரித்து ஓடு போட்டு வாழ்ந்த குடும்பங்கள், அந்த வீட்டை விற்க வேண்டிய நாள் வரும்போது நம் அலுவலகங்களில் திருட்டுச் சொத்தை விற்க வந்தவர்களைப் போல நிற்கிறார்கள். இதைச் சரிசெய்வது உங்கள் இரண்டு துறைகளும் சேர்ந்தால்தான் முடியும். அதனால் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் இறந்துவிட்டார். இரண்டு மகள்கள், ஒரு மகன், மூவரும் வெளியூரில். கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று விடப்பட்ட நிலத்தில், மூன்று சென்ட் இடம், அதில் ஓட்டு வீடு. வயதாகிவிட்டது, வீட்டை விற்றுவிட்டு மூத்த மகளோடு போய் இருந்துவிடலாம் என்று நினைக்கிறார். ஜவுளிக்கடைப் பை ஒன்றை என் மேசையில் கவிழ்த்தார். ஊராட்சியின் வீட்டு வரி ரசீதுகள், பழையவை மஞ்சளாகி மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தன. மின் கட்டண அட்டை, கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டு. எல்லாவற்றுக்கும் அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு முத்திரைத் தாள். 1961-ல் அவருடைய மாமனார் அந்த இடத்தை 85 ரூபாய்க்கு வாங்கியதற்கான எழுத்து அது. விற்றவரின் இடது பெருவிரல் ரேகை, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, எழுதியவர் பெயர், செக்குபந்தி என்ற நான்கெல்லை விவரம் எல்லாம் இருந்தன. மூன்று பக்கம் வீட்டுக்காரர்களின் பெயர், மேற்கே ஒரு புளியமரம். அந்த மூன்று பேரும் இன்று இல்லை, மரமும் இல்லை. ஆனால் அவர்களுடைய பேரன்கள் அதே மூன்று பக்கமும் இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் வீடு யாருடையது என்று கேட்டால் மூவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

அந்தத் தாள் பதிவாகவில்லை. பதிவாகாமல் போனதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 54-வது பிரிவில், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவான ஆவணத்தால்தான் விற்க முடியும் என்கிறது. நூறுக்குக் கீழே என்றால் பதிவு செய்தும் விற்கலாம், இடத்தை வாங்குபவர் கையில் ஒப்படைத்தும் விற்கலாம். 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17-வது பிரிவில் வைத்திருப்பதும் அதே நூறு ரூபாய்தான். கிராமத்தில் ஒரு வீட்டடி 85 ரூபாய்க்குக் கைமாறிய காலத்தில் அந்த மாமனார் செய்தது முழுமையான கிரயம். சாட்சி வைத்து எழுதியும் வாங்கினார் என்றால், சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே செய்திருக்கிறார். அவருக்கு 60 ஆண்டு கழித்து என்ன கேட்பார்கள் என்று எப்படித் தெரியும்?

அந்தப் பழைய தாளை இப்போது கொண்டுபோய்ப் பதிந்துவிடலாமே என்று அந்த அம்மாவின் மருமகன் கேட்டார். முடியாது. எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். தவிர்க்க முடியாத தாமதம் என்றால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம். அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தவர் இறந்து, அவர் பிள்ளைகளும் இறந்துவிட்டார்கள், மறுபடி எழுதி வாங்கவும் ஆள் இல்லை.

பதிவான பத்திரம் இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணம் மட்டும்தான். பல குடும்பங்களுக்கு வாங்கியதே கிடையாது, நத்தத்தில் கொள்ளுத்தாத்தா வீடு கட்டினார், அத்தோடு சரி. அண்ணன் தம்பிகள் ஊர்ப் பெரியவர்களை வைத்து வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இந்துக் குடும்பத்தில் வாய்மொழிப் பாகப்பிரிவினை செல்லும் என்பதை நீதிமன்றங்கள் ஏற்றே வந்திருக்கின்றன. ஆக இவர்களில் பெரும்பாலோர் எந்தச் சட்டத்தையும் மீறியவர்கள் அல்லர். நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தும், பதிவுச் செலவுக்குப் பயந்து வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. ஆனால் அவர்களும் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான்.

அந்த அம்மாவுக்காகக் கிரயம் எழுதினேன். ‘எனக்குப் பூர்வீகமாய்ப் பாத்தியப்பட்டு, என் சுவாதீன அனுபவத்தில் இருந்துவரும்’ என்ற வழக்கமான வாசகத்தோடு, 1961 தாளின் விவரத்தையும் ஒளிக்காமல் எழுதினேன். டோக்கன் போட்டு உள்ளே போனோம். முந்தைய அசல் ஆவணம் எங்கே என்றார்கள். இல்லை என்றோம். அப்படியானால் பட்டா யார் பெயரில் என்றார்கள். கணவரின் அண்ணன் பெயரில். முடியாது, எடுத்துக்கொண்டு போங்கள். வாய்ப்பேச்சாகவே முடிந்துவிட்டது. மறுப்பதாக ஒரு வரி எழுதித் தரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பதிவை மறுத்தால் காரணத்தை எழுதிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஆவணத்தில் ‘பதிவு மறுக்கப்பட்டது’ என்று குறிக்க வேண்டும், கேட்டால் காரணத்தின் நகலைக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 71-வது பிரிவு. அதை வைத்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்ய 72-வது பிரிவு வழி கொடுக்கிறது. எழுத்து இல்லையென்றால் மேல்முறையீடு எதன் மேல்? வக்கீல் வைத்துக்கொள்ளும் வசதி உள்ளவர் மறுப்புச் சீட்டு கேட்டு வாங்கி உயர் நீதிமன்றம் வரை போகிறார். ஜவுளிக்கடைப் பையோடு வருகிறவர் அப்படியே திரும்பிப் பஸ் ஏறுகிறார்.

முந்தைய அசல் வேண்டும் என்ற கட்டாயம் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும், வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2022-ல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. விற்பவர் தனக்குச் சொத்து வந்த அசல் ஆவணத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டினால்தான் பதிவு. பூர்வீகச் சொத்து, அசல் ஆவணம் இல்லை என்றால் பட்டா போன்ற வருவாய் ஆவணம் காட்ட வேண்டும். 2025 ஏப்ரல் 7 அன்று, நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு, அந்த விதி பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல, அந்த அதிகாரத்தைச் சட்டம் அவருக்குத் தரவில்லை என்றது தீர்ப்பு. அதே மாதக் கடைசியில் நம் சட்டமன்றம், விதியாக நிற்காததைச் சட்டத் திருத்தமாகவே கொண்டுவரும் மசோதாவை நிறைவேற்றியது.

அந்த எண்ணத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆள்மாறாட்டம் செய்து அடுத்தவர் மனையை விற்றவர்களை, வெளிநாட்டில் இருப்பவரின் இடத்துக்குப் பொய்யாகப் பவர் தயாரித்தவர்களைப் பற்றி இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். தவறான பத்திரத்தைப் பதிந்துவிட்டால் சார்பதிவாளரின் வேலைக்கே ஆபத்து என்பதும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மோசடி செய்கிறவன் குறையில்லாத காகிதக் கட்டோடு வருவான். தாய்ப்பத்திரம், நகல், பட்டா, ஆதார் எல்லாம் வரிசையாக அடுக்கியிருப்பான், அதற்காகத்தானே செலவு செய்து தயாரிக்கிறான். அசல் கேட்கும் கட்டாயத்தில் மாட்டுவது, இல்லாததை இல்லை என்று நேராகச் சொல்லும் ஆட்கள்தான்.

சரி, பட்டா காட்டினால் போதுமே என்பீர்கள். அங்கேதான் வருவாய்த்துறைக்கு நான் சொல்ல வேண்டியது வருகிறது.

நத்தம் நிலவரித் திட்டத்தில் வீடு வீடாக அளந்து தோராயப் பட்டா கொடுத்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஊர்க் குடியிருப்பு நிலத்தை ட்ரோன் வைத்து அளந்து சொத்து அட்டை கொடுக்கும் மத்திய அரசின் ஸ்வாமித்வா திட்டம் 2020-ல்தான் வந்தது, நாம் அதற்கு வெகு காலம் முன்பே நத்தத்தை அளந்த மாநிலம். ஆனால் அளக்க வந்த அன்று வாசலில் யார் நின்றாரோ அவர் பெயர் ஏறியது. கணவரின் அண்ணன் நின்றிருந்தார், அவர் பெயர் ஏறிவிட்டது. பூட்டிக் கிடந்த வீடு சர்க்கார் நத்தம், அதாவது அரசு நிலம், ஆனது. நத்தத்துக்கு வெளியே உள்ள நிலங்களில் 1979-ல் தொடங்கிய, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யுடிஆர் திட்டத்தில் நடந்த பெயர்க் குழப்பங்கள் இன்றும் தீரவில்லை. திருத்தக் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களை எந்தத் தாலுகாவிலும் பார்க்கலாம்.

பட்டா உரிமை ஆவணம் ஆகாது, வருவாய்க் கணக்கில் பெயர் இருப்பதால் மட்டும் சொத்து அவருடையதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கின்றன. விற்பவர் பெயரில் வருவாய்ப் பதிவு இருந்தால்தான் பத்திரம் பதியலாம் என்று பீகார் கொண்டுவந்த விதியை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இங்கே நடப்பது என்ன? பத்திரம் இல்லாதவரிடம் சார்பதிவகம் பட்டா கேட்கிறது. பட்டாவில் பெயரை மாற்றத் தாலுகா அலுவலகம் போனால் பதிவான பத்திரம் கேட்கிறார்கள். இரண்டு அலுவலகமும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. அந்த அம்மா இரண்டுக்கும் இடையே நடந்தார், இரண்டு பக்கமும் சொன்ன காரணம் விதிப்படி சரிதான். கடைசியில் இரண்டு பேருமே, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

எதிர்ப்பவர் ஒருவர்கூட இல்லாத சொத்துக்கு யார் மேல் வழக்குப் போடுவது? அண்ணன் பிள்ளைகள் ஒருவர் திருப்பூரில், ஒருவர் பெங்களூரில். அவர்களுக்கு அந்த வீட்டில் ஆசை இல்லை, சித்தி வீடு என்று வாய்விட்டே சொல்கிறார்கள். ஆனால் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேலையை விட்டு வர அவர்களுக்கு நேரமில்லை. அப்படியே வந்தாலும், அவர்களிடம் இல்லாத உரிமையை அவர்கள் விடுதலை செய்வதாக எழுத வேண்டும். இன்னும் சிலர் பேசிவைத்து வழக்குப் போட்டு, சமரசத் தீர்ப்பு வாங்கி, அதைப் பதிந்து ஒரு ஆவணம் உண்டாக்கிக்கொள்கிறார்கள். உண்மையான உரிமைக்காரரை நாடகம் போட வைக்கிறோம், நிஜ வழக்குகள் தேங்கிக் கிடக்கும் முன்சீப் கோர்ட்டின் நேரத்தையும் அதற்குச் செலவழிக்கிறோம்.

இதில் லாபம் யாருக்கு என்று பாருங்கள். அந்த அம்மா தெருவில் அதே அளவு வீடு ஒன்று, பத்திரம் உள்ளது, ஒன்பது லட்சத்துக்குப் போனது. இவருடைய வீட்டுக்கு வந்த விலை நாலு லட்சம். பத்திரமில்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது, ஆகவே கையில் ரொக்கம் வைத்திருப்பவர் மட்டும்தான் வாங்க வர முடியும். வந்தவர் வட்டிக்கு விடுகிறவர். பதிவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஒரு ஒப்பந்தமும் பவரும் மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றார். அவரே ஒரு வரைவும் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு வாசகம்: ‘பின்னிட்டு மேற்படி சொத்தில் ஏதேனும் வில்லங்கம் விவகாரம் ஏற்பட்டால் நானே முன்னின்று என் சொந்தச் செலவிலும் சொந்தப் பொறுப்பிலும் தீர்த்துக் கொடுப்பேன்.’ எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரிதான், நானே ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பேன். ஆனால் உரிமைக் குறையைத் தெரிந்தே பாதி விலைக்கு வாங்குகிறவர், அந்தக் குறைக்கான பொறுப்பை முழுதாக விற்பவர் தலையில் கட்டுகிறார். நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் அந்த நாலு லட்சமும் இந்த அம்மாவிடமிருந்து போய்விடும். கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். சொன்னது சரிதான், ஆனால் அதற்கு மாற்றாக அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்படி ஒப்பந்தம், பவர், உயில் என்று எழுதிக்கொள்வதால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்த்துச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தமும் கட்டாயம் பதிவாக வேண்டும். இருந்தும் பதிவாகாத ஒப்பந்தங்கள் கிராமங்களில் எழுதப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. 1961-ல் ஒரு தாள் பதிவாகாமல் போனதால் வந்த சிக்கலை, இன்று அதே வீட்டுக்கு இன்னொரு பதிவாகாத தாளை எழுதி வளர்க்கிறோம். அடுத்த தலைமுறையில் அந்த வட்டிக்காரரின் பிள்ளைகள் அதே அலுவலகத்தில் நிற்பார்கள். அரசுக்கும் இழப்புதான். 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம், ஒரு ரூபாய்கூட வராது.

பக்கத்து மாநிலம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் வெள்ளைத் தாள் கிரயத்துக்கு சாதா பைனாமா என்று பெயர். 1971-ம் ஆண்டின் நில உரிமைப் பதிவுச் சட்டத்தில் 5-ஏ என்று ஒரு பிரிவு. பதிவாகாத கிரயத்தில் விவசாய நிலம் வாங்கி அனுபவித்து வருபவர் தாசில்தாரிடம் விண்ணப்பிக்கலாம். தாசில்தார் விற்றவர் தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்து, நிலத்தில் விசாரித்து, உண்மை என்று தெரிந்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டச் சொல்லிச் சான்று கொடுப்பார். 2016-ல் தெலங்கானா அரசு, 2014 ஜூன் 2-க்கு முந்தைய கிரயங்களுக்குச் சிறு விவசாயிகளிடம் அந்தக் கட்டணத்தையும் வாங்காமல் முறைப்படுத்தியது. 2020-ல் மறுபடி விண்ணப்பம் வாங்கினார்கள், சுமார் 9 லட்சம் பேர் கொடுத்தார்கள். அதே நேரத்தில் பழைய சட்டத்தையே நீக்கிவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்ததால் உயர் நீதிமன்றம் தடை போட்டது, அத்தனை விண்ணப்பமும் ஆண்டுக்கணக்கில் தேங்கியது. பிறகு 2025-ல் பூ பாரதி சட்டம் என்று கொண்டுவந்து அதில் அவற்றுக்கு மறுபடி இடம் கொடுத்தார்கள். அவர்கள் தடுமாறியதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம், சட்டத்தில் உறுதியான பிரிவு இல்லாமல் வெறும் அரசாணையை நம்பி விண்ணப்பம் வாங்கக் கூடாது. ஆனால் அவர்கள் ஒத்துக்கொண்ட அடிப்படை சரியானது. காகிதம் இல்லை என்பதும் உரிமை இல்லை என்பதும் இரண்டு வேறு கேள்விகள், இரண்டாவதை ஊருக்குள் போய் விசாரித்தால் தெரிந்துவிடும்.

நம் மாநிலத்தில் நத்தம் வீட்டுமனைகளுக்கு அதே மாதிரி ஒரு விசாரணை வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. தாசில்தாரும் சார்பதிவாளரும் சேர்ந்து நடத்த வேண்டும், தனித்தனியாக நடத்தினால் பழைய கதைதான். விண்ணப்பம் வந்ததும் ஊராட்சி அலுவலகத்திலும் அந்த வீட்டுச் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டுங்கள். ஆட்சேபம் சொல்ல 30 நாள் கொடுங்கள். ஊராட்சியின் வீட்டு வரிக் கேட்புப் பதிவேட்டில் எந்த ஆண்டிலிருந்து யார் பெயர் ஓடுகிறது என்று பாருங்கள், மின் இணைப்பு யார் பெயரில் எப்போது வந்தது என்று மின்வாரியத்தில் கேளுங்கள், எல்லைக்காரர்களின் வாக்குமூலத்தைக் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் எழுதி வாங்குங்கள். வில்லங்கத்தை இணையத்தில் கிடைக்கும் 1975-லிருந்து மட்டும் பார்த்து நிறுத்தாமல், அதற்கு முந்தைய அட்டவணைப் புத்தகங்களையும் தேடச் சொல்லுங்கள், விண்ணப்பதாரருக்குத் தெரியாமல் எங்கேயாவது ஒரு பழைய அடமானம் பதிவாகியிருக்கலாம். யாரும் ஆட்சேபிக்கவில்லை, ஆதாரம் ஒத்துப்போகிறது என்றால் ஒரு சான்று கொடுங்கள். அந்தச் சான்று பதிவாகட்டும், வில்லங்கத்தில் வரட்டும். அதுவே அந்தச் சொத்தின் முதல் ஆவணம். உண்மையான தகராறு இருந்தால் மட்டும் கோர்ட்டுக்கு அனுப்புங்கள்.

விசாரணையில் ஒன்றைக் கறாராக வைக்க வேண்டும். வாய்மொழிப் பாகம் என்று சொல்லிச் சகோதரிகளை ஒதுக்கிவிட்டு விற்க வரும் அண்ணன் தம்பிகளை அடிக்கடி பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தாயிற்று. நோட்டீஸை வீட்டுச் சுவரில் ஒட்டினால் புகுந்த வீட்டில் இருக்கும் மகளுக்குத் தெரியாது. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு மகளின் இன்றைய முகவரிக்கும் பதிவுத் தபாலில் போக வேண்டும், ஒப்புகை வராமல் சான்று கொடுக்கக் கூடாது. இது இல்லாமல் இந்த வழியைத் திறந்தால் பெண்கள் பங்கைப் பறிக்க நாமே வசதி செய்து கொடுத்ததாகிவிடும்.

அதேபோல் கோயில் நிலம், வக்பு நிலம், நீர்நிலைப் புறம்போக்கு, அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த மனை, இவற்றுக்கு இந்த வழி கூடவே கூடாது. பஞ்சமி நிலத்துக்குக் கண்டிப்பாகக் கூடாது. 1892-ல் பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலம் எத்தனை கைமாறிப் போயிருக்கிறது என்பதை நாடு அறியும். அனுபவம் இருக்கிறது என்று சொல்லி அதை யாரும் முறைப்படுத்திக்கொள்ள விடக் கூடாது.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சான்றுக்கு முழுக் கிரயத் தீர்வை போட்டால் யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் விற்கும்போது இன்னொரு முறை 9 சதவீதம் போகப்போகிறது. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறீர்கள். அதைவிடக் குறைவாக, ஐந்து சென்டுக்குள் உள்ள குடியிருப்பு மனைக்கு ஒரு சிறு நிலையான தொகையாக வையுங்கள். அந்த வீடு ஒருமுறை பதிவேட்டுக்குள் வந்துவிட்டால் அடுத்தடுத்த ஒவ்வொரு கைமாற்றத்திலும் தீர்வை வந்துகொண்டே இருக்கும்.

இதற்கெல்லாம் சட்டத் திருத்தம் வேண்டும், காலம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு காரியத்துக்கு எந்தத் திருத்தமும் வேண்டாம். பதிவுத்துறைத் தலைவர் அவர்களே, எந்தச் சார்பதிவகத்திலும் வாய்மொழியாக ஆவணத்தைத் திருப்பக் கூடாது, என்ன குறை என்பதை மக்களுக்குப் புரியும் தமிழில் எழுதி அன்றைக்கே கொடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சட்டம் ஏற்கெனவே சொல்வதைத்தான் நினைவுபடுத்தப் போகிறீர்கள்.

வருவாய் நிர்வாக ஆணையர் அவர்களே, பசலி என்ற வருவாய் ஆண்டு முடியும் முன்பு ஒவ்வொரு தாலுகாவிலும் ஜமாபந்தி என்ற கணக்குத் தணிக்கை நடக்கிறது. கிராமக் கணக்குகள் அத்தனையும் ஒரே மேசைக்கு வரும் நாட்கள் அவை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், நில அளவர், தாசில்தார் எல்லோரும் அங்கே இருப்பார்கள். அடுத்த ஜமாபந்தியில் நத்தம் பெயர் திருத்தத்துக்கென்று தனியாக மனு வாங்குங்கள், பக்கத்தில் சார்பதிவாளருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு இப்படிப் பத்திரமில்லாமல் நிற்கிறது என்ற கணக்காவது அரசின் கையில் வரும். எங்கள் தாலுகாவில் அதற்கு நாள் குறித்தால், மனு எழுதிக் கொடுக்கும் வேலையை நானும் இங்குள்ள மற்ற ஆவண எழுத்தர்களும் கூலி வாங்காமல் செய்கிறோம்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற ஓர் ஆவண எழுத்தர்